காவலரின் இறுதி ஊர்வலமும் மன்னிப்பின் வழியும்



2017ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஐந்தாம் அவென்யூ என்னும் பெருஞ்சாலையில் ஆயிரக்கணக்கான காவலர்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். கருநீலச் சீருடை, வெண்ணிறக் கையுறை, மார்பில் அணியும் காவல் சின்னத்தின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. கடைகளும் அலுவலகங்களும் நெருங்கிய, இரைச்சல் ஓயாத அந்தச் சாலையின் ஓரத்தில் பொதுமக்களும் நின்றார்கள். அவர்கள் நடுவே ஒரு சவப்பெட்டி புனித பேட்ரிக் பேராலயத்தை நோக்கிக் கொண்டுசெல்லப்பட்டது. அதில் இருந்தவர் நியூயார்க் காவல்துறையின் துப்பறியும் அதிகாரி ஸ்டீவன் மெக்டொனால்ட். வயது 59. அவருக்கான அடக்கத் திருப்பலியை நியூயார்க் பேராயர் கர்தினால் திமொத்தி டோலன் நிறைவேற்றினார்.

பணியில் உயிரிழந்த காவலருக்கு இப்படிப்பட்ட ஊர்வலம் நடப்பது அந்த நகரத்திற்குப் புதிதன்று. ஆனால் இந்த ஊர்வலத்தில் இரண்டு செய்திகள் நம் கருத்தைக் கவர்கின்றன. முதலாவது, அவர் உயிரைப் பறித்த குண்டுகள் பாய்ந்தது 30 ஆண்டுகளுக்கு முன்பு. இரண்டாவது, தம்மைச் சுட்டவரை அவர் பகிரங்கமாக மன்னித்திருந்தார். அப்படியானால் அன்று சாலையோரம் நின்றவர்கள் எதற்கு மரியாதை செலுத்தினார்கள்? அவர் வாங்கிய குண்டுகளுக்கா, அவர் வழங்கிய மன்னிப்புக்கா? இறுதி ஊர்வலம் என்பதன் பொருளை இந்தக் கேள்வியின் வழியாகச் சற்றே சிந்திப்போம்.

சுடப்பட்ட நாளும் திருமுழுக்கு நாளும்

1986ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள். மெக்டொனால்டுக்கு அப்போது வயது 29. காவல் பணியில் சேர்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையும் பாட்டனாரும் அதே காவல்துறையில் பணிசெய்தவர்கள். திருமணமாகி ஓராண்டுகூட நிறையவில்லை. மனைவி பேட்டி ஆன் மூன்று மாதக் கர்ப்பிணி.

நகரின் நடுவே உள்ள சென்ட்ரல் பார்க் என்னும் பெரிய பூங்காவில் அன்று அவர் சுற்றுக்காவல் பணியில் இருந்தார். அங்கே நின்ற மூன்று சிறுவர்களை நிறுத்தி விசாரித்தார். அவர்களில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் துப்பாக்கியை எடுத்து அவரை மூன்று முறை சுட்டான். ஒரு குண்டு கண்ணுக்கு மேலே தலையில் பாய்ந்தது. இன்னொன்று தொண்டையில் பாய்ந்தது. மற்றொன்று முதுகுத் தண்டைச் சிதைத்தது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்துவிட்டது. அன்று முதல் சக்கர நாற்காலிதான் அவர் இருப்பிடம். மூச்சை இயக்கிக்கொடுக்க ஒரு கருவி. அந்தக் கருவி தரும் மூச்சுக்கு ஏற்ப நிறுத்தி நிறுத்தித்தான் அவரால் பேச முடிந்தது.

1987ஆம் ஆண்டு சனவரியில் அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மார்ச்சு மாதத்தில், அதாவது மெக்டொனால்ட் இன்னும் மருத்துவமனையில் இருந்தபோதே, குழந்தைக்குத் திருமுழுக்கு வழங்கப்பட்டது. அன்றைய பேராயர் கர்தினால் ஜான் ஓ'கானர் அதை நிறைவேற்றினார். செய்தியாளர்கள் கூடியிருந்தார்கள். கணவர் சொல்லச் சொல்ல எழுதிய ஓர் அறிக்கையைப் பேட்டி ஆன் அவர்கள் முன் வாசித்தார். தம்மைச் சுட்ட சிறுவனைத் தாம் மன்னிப்பதாகவும், அவன் தன் வாழ்வில் அமைதியையும் ஒரு நோக்கத்தையும் கண்டடைய வேண்டும் என்று விரும்புவதாகவும் மெக்டொனால்ட் அதில் சொல்லியிருந்தார்.

மகனின் திருமுழுக்கு நாளில் தந்தையின் மன்னிப்பு வெளிப்பட்டது. ஒரு குழந்தை கிறிஸ்துவில் புதுவாழ்வு தொடங்கும் நாளில், தம் வாழ்வையும் வெறுப்பிலிருந்து விடுவித்துத் தொடங்க அந்தத் தந்தை விரும்பினார். தம் முதுகெலும்பில் பாய்ந்த குண்டைவிடக் கொடியது ஒன்று உண்டென்றால், அது பழிவாங்கும் எண்ணத்தை நெஞ்சில் வளர்ப்பதாகத்தான் இருக்கும் என்று பிற்காலத்தில் அவர் பல மேடைகளில் சொல்லிவந்தார்.

மன்னிப்பு என்றால் என்ன, என்ன அன்று?

இந்த இடத்தில் ஒரு தெளிவு தேவை. மெக்டொனால்ட் மன்னித்தார் என்பதால் வழக்கு கைவிடப்படவில்லை. அந்தச் சிறுவன் கொலை முயற்சிக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றான். மன்னிப்பு நீதிக்கு எதிரானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், நீதிமன்றம் செய்ய வேண்டியதை நீதிமன்றம் செய்தது. நெஞ்சம் செய்ய வேண்டியதை நெஞ்சம் செய்தது.

மன்னிப்பு மறதியும் அன்று. நாள்தோறும் காலையில் பிறர் தூக்கி உட்கார வைத்தால்தான் உட்கார முடியும் என்ற நிலையில் இருப்பவர் தமக்கு நேர்ந்ததை எப்படி மறப்பார்? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2843ஆம் எண்ணில், இதை நேர்மையோடு ஏற்றுக்கொள்கிறது. நமக்கு இழைக்கப்பட்ட தீங்கின் வலியை உணராதிருப்பதோ அதை மறப்பதோ நம் ஆற்றலுக்கு உட்பட்டதன்று. ஆனால் தூய ஆவியாரிடம் தன்னைக் கையளிக்கும் இதயம் அந்தக் காயத்தையே இரக்கமாக மாற்றுகிறது என்பது அதன் போதனை.

சிறையிலிருந்த இளைஞருக்கும் மெக்டொனால்டுக்கும் இடையே சில கடிதங்கள் சென்றுவந்தன. அந்த இளைஞர் சிறையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, தாம் செய்ததற்காக மெக்டொனால்ட் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். ஒருநாள் இருவரும் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று மன்னிப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்பது மெக்டொனால்டின் ஆசை. அது நிறைவேறவில்லை. 1995ஆம் ஆண்டு விடுதலையான சில நாள்களிலேயே அந்த இளைஞர் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு மெக்டொனால்ட் தனியாகவே அந்தப் பயணத்தை மேற்கொண்டார். பள்ளிக்கூடங்களில் மாணவர்களிடம் பேசினார். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டு சபையினருக்கும் இடையே பல ஆண்டுகள் இரத்தம் சிந்திய வட அயர்லாந்துக்கும் சக்கர நாற்காலியிலேயே சென்றார். அந்தப் பயணத்தில் உடன் சென்றவர் அவரது நண்பர், பிரான்சிஸ்கன் சபையின் அருட்தந்தை மைக்கல் ஜட்ஜ். நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஆன்ம குருவாக இருந்த இவர், 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் உலக வர்த்தக மையத்தில் பணியில் இருந்தபோது உயிரிழந்தார்.

ஊர்வலத்தின் அடையாளங்கள் சொல்வது என்ன?

அமெரிக்காவில் காவலர் ஒருவர் பணியில் இறந்தால், அவரது துறையினர் மட்டுமன்றி அயல் ஊர்களின் காவலர்களும் அடக்கத்துக்கு வருவது வழக்கம். இறந்தவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் வருவார்கள். சிறிய ஊர் என்றால், அவ்வூர்க் காவலர்கள் அனைவரும் அடக்கத்தில் பங்கேற்கும்படி அண்டை ஊர்க் காவலர்கள் வந்து அவர்களது பணியை ஏற்றுக்கொள்வார்கள். ஒரு குடும்பத்தில் சாவு விழுந்தால் பக்கத்து வீட்டார் அடுப்பைப் பார்த்துக்கொள்வது போன்றது இது.

காவல் சின்னத்தின் குறுக்கே அணியும் கறுப்புப் பட்டை துக்கத்தின் அடையாளம். ஒலிக்கும் பைக்குழல் இசைக்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் வறுமையாலும் அயர்லாந்தை விட்டு அமெரிக்கா வந்த கத்தோலிக்கர் பலருக்கு நல்ல வேலைகள் கிடைக்கவில்லை. ஆபத்து நிறைந்த காவல் பணியிலும் தீயணைப்புப் பணியிலும் அவர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். பணியில் இறந்தவர்களைத் தங்கள் நாட்டு இசையோடு அடக்கம் செய்தார்கள். இன்று எந்த இனத்தைச் சேர்ந்த காவலர் இறந்தாலும் அந்த இசை ஒலிக்கிறது. புலம்பெயர்ந்த ஓர் ஏழைச் சமூகத்தின் ஒப்பாரி ஒரு நாட்டின் பொது வழக்கமாகிவிட்டது.

பல ஊர்களில் கல்லறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. இறந்த காவலரின் அழைப்பு எண்ணைச் சொல்லி, காவல் வானொலியில் அவரை அழைப்பார்கள். பதில் வராது. மீண்டும் அழைப்பார்கள். அப்போதும் பதில் வராது. அவர் தம் பணியை முடித்துவிட்டார், இனி இளைப்பாறட்டும் என்ற அறிவிப்போடு அந்த அழைப்பு நிறைவுபெறும். அந்த மௌனத்தைக் கேட்டு அழாதவர்கள் குறைவு. பெட்டியின்மேல் போர்த்திய கொடியை மடித்துக் குடும்பத்தாரின் கையில் கொடுப்பார்கள்.

பொதுமக்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊர்வலம் செல்லும் வழியில் வண்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நிற்பார்கள். மேம்பாலங்களின்மேல் தீயணைப்பு வண்டிகள் நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் கையில் சிறு கொடியோடு நிற்பார்கள். யாரும் பேசுவதில்லை. இறந்தவருக்கு அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து செல்லும் மனைவியும் பிள்ளைகளும் அந்த முகங்களைப் பார்க்கிறார்கள். 'உங்கள் இழப்பு எங்கள் இழப்பு' என்று ஒரு சொல்லும் இல்லாமல் ஓர் ஊர் சொல்லும் முறை இது.

ஆலய வாசலில் நிகழும் மாற்றம்

இறந்தவர் கத்தோலிக்கராக இருந்தால் இந்த ஊர்வலம் ஆலய வாசலை அடையும்போது ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969இல் வெளியிடப்பட்ட இறுதிச் சடங்கு முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்கத் திருச்சபை தன் சடங்கு நூலை 1989இல் வெளியிட்டது. நாட்டுக் கொடியோ அமைப்புகளின் கொடியோ சின்னமோ பெட்டியின்மேல் இருந்தால், ஆலய வாசலிலேயே அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று அந்நூல் கூறுகிறது. ஆலயத்தை விட்டு வெளியே வந்த பிறகு அவற்றை மீண்டும் போர்த்தலாம்.

கொடியை எடுத்த இடத்தில் வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்துகிறார்கள். திருமுழுக்கில் குழந்தைக்கு அணிவிக்கப்படும் வெண்ணாடையின் நினைவு அது. பெட்டியின்மேல் தெளிக்கப்படும் புனித நீர் திருமுழுக்குத் தண்ணீரை நினைவூட்டுகிறது. அருகில் எரியும் பாஸ்கா திரி உயிர்த்த ஆண்டவரை நினைவூட்டுகிறது.

இது நாட்டுக்கோ காவல்துறைக்கோ செய்யும் அவமரியாதை ஆகாது. வெளியே அவர் அதிகாரி, வீரர், தியாகி. உள்ளே அவர் கடவுளின் பிள்ளை. ஆணையருக்கும் கடைநிலைக் காவலருக்கும், கோடீசுவரருக்கும் தெருவில் இறந்துகிடந்த ஏழைக்கும் அதே வெள்ளைத் துணிதான். இதை இன்னும் ஆழமாகச் சிந்தித்தால் மற்றோர் உண்மை புலப்படும். சுட்டவர் கிறிஸ்தவராக இருந்து இறந்தால் அவருக்கும் திருச்சபை அதே துணியைத்தான் போர்த்தும். அதே நீரைத்தான் தெளிக்கும். இதைச் செரித்துக்கொள்வது எளிதன்று. ஆனால் மெக்டொனால்ட் தம் 30 வயதிலேயே இதை ஏற்றுக்கொண்டார்.

விவிலியம் காட்டும் மூன்று ஊர்வலங்கள்

திருவிவிலியத்தில் இறுதி ஊர்வலங்கள் பல உண்டு. அவற்றில் மூன்றை இங்கே நினைவுகூர்வோம்.

முதலாவது, யாக்கோபின் ஊர்வலம் (தொடக்க நூல் 50). எகிப்தில் இறந்த தந்தையின் உடலை யோசேப்பு கானான் நாட்டுக்குக் கொண்டுசெல்கிறார். பார்வோனின் அலுவலர்களும் எகிப்தின் பெரியோர்களும் தேர்களும் குதிரைவீரர்களும் உடன்செல்கிறார்கள். ஓர் அரசு மரியாதை என்றே சொல்லலாம். வழியில் ஏழு நாள் துக்கம் கொண்டாடுகிறார்கள். அந்த நாட்டு மக்கள் அதைக் கண்டு வியக்கிறார்கள். அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்புகிறார்கள். அதன்பின் நடப்பது நம் கவனத்துக்கு உரியது. யோசேப்பைக் குழியில் தள்ளி விற்ற அண்ணன்மார் நடுங்கத் தொடங்குகிறார்கள். அப்பா இருந்தவரை பொறுத்துக்கொண்டான், இனி நம்மைப் பழிதீர்ப்பானோ என்ற அச்சம் அவர்களுக்கு. யோசேப்போ அழுகிறார். தாம் கடவுளின் இடத்தில் இல்லை என்கிறார். அவர்கள் செய்ய எண்ணிய தீமையைக் கடவுள் நன்மையாக மாற்றினார் என்று சொல்லி, அவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் காப்பதாக வாக்களிக்கிறார். விவிலியத்தின் மிகப்பெரிய ஊர்வலம் மன்னிப்பில் போய் முடிகிறது.

இரண்டாவது, அப்னேரின் ஊர்வலம் (2 சாமுவேல் 3). தன் தம்பியைக் கொன்றதற்குப் பழியாக அப்னேரை யோவாபு வஞ்சகமாகக் கொன்றுவிடுகிறார். தாவீது அரசர் அந்தப் பாடைக்குப் பின்னால் நடந்து செல்கிறார். கல்லறையில் வாய்விட்டு அழுகிறார். கொன்ற யோவாபையும் உடையைக் கிழித்து, சாக்கு உடுத்தித் துக்கம் கொண்டாடச் சொல்கிறார். பழிக்குப் பழி என்ற பாதையில் தமக்கு உடன்பாடில்லை என்று அரசர் தம் நடையாலேயே மக்களுக்குக் காட்டுகிறார்.

மூன்றாவது, நயீன் ஊர்க் கைம்பெண்ணின் ஒரே மகனின் ஊர்வலம் (லூக்கா 7). ஊர் மக்கள் திரளாகத் தாயோடு வருகிறார்கள். ஊர் வாயிலில் இயேசு எதிரே வருகிறார். அவர் பார்வை முதலில் சென்றது அந்தத் தாயிடம். அவர்மேல் பரிவு கொண்டார். பிறகுதான் பாடையைத் தொட்டார். ஓர் ஊர்வலத்தில் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்பதை ஆண்டவரே நமக்குக் கற்றுத்தருகிறார்.

துயரமா, மனக்குறையா?

இறுதி ஊர்வலம் எப்போதும் அமைதியை நோக்கியே செல்லும் என்று சொல்ல முடியாது. நியூயார்க் நகரமே அதற்கு ஒரு சான்று. 2014ஆம் ஆண்டு சூலையில் எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவர் காவலர்களின் பிடியில் உயிரிழந்தார். அதில் ஈடுபட்ட காவலர்மேல் வழக்குத் தொடரத் தேவையில்லை என்று அவ்வாண்டு டிசம்பரில் முடிவானபோது பெரும் போராட்டங்கள் எழுந்தன. டிசம்பர் 20ஆம் நாள் புரூக்ளின் பகுதியில் காவல் வண்டியில் அமர்ந்திருந்த ரஃபேல் ராமோஸ், வென்ஜியன் லியு என்ற இரு காவலர்களை ஒருவர் சுட்டுக் கொன்றார். காவலர்கள் கையில் இறந்தவர்களுக்குப் பழிதீர்ப்பதாக அவர் முன்னரே அறிவித்திருந்தார். இறந்த இருவருக்கும் அந்தச் சாவுகளோடு எந்தத் தொடர்பும் இல்லை.

டிசம்பர் 27ஆம் நாள் ராமோஸின் அடக்கத்துக்கு 20,000க்கும் மேற்பட்ட காவலர்கள் திரண்டார்கள். நகரத் தந்தை தங்களுக்குத் துணைநிற்கவில்லை என்று எண்ணிய பலர், அவர் உரையாற்றியபோது வெளியே வைத்திருந்த திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். லியுவின் அடக்கத்துக்கு முன்பு காவல் ஆணையர் வில்லியம் பிராட்டன் தம் காவலர்களுக்கு ஒரு மடல் விடுத்தார். வீரரின் அடக்கம் துயரத்தைப் பகிரும் நேரம், மனக்குறையைக் காட்டும் நேரமன்று என்பதே அதன் சாரம். அப்படியிருந்தும் சிலர் அன்றும் முதுகைக் காட்டினார்கள்.

அந்தக் காவலர்களின் வேதனையை நாம் எளிதில் குறைகூற முடியாது. உடன் உழைத்தவரை இழந்த நெஞ்சம் கொதிக்கத்தான் செய்யும். அதேபோல, காவலர்களின் கையில் தங்கள் பிள்ளைகளை இழந்த குடும்பங்களின் வேதனையும் உண்மையானது. ஒரு காவலருக்கு மரியாதை செலுத்துவதால் அந்தக் கண்ணீரை நாம் மறுப்பதாகாது. ஆனால் ஒரு சாவை அடுத்த சண்டைக்கான கொடியாக உயர்த்தும்போது, இறந்தவர் நம் கையில் ஓர் ஆயுதம் ஆகிவிடுகிறார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார்கள்.

அந்த அடக்கங்கள் நடந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில்தான் மெக்டொனால்டின் பெட்டி ஐந்தாம் அவென்யூவில் சென்றது. அதே துறை, அதே சீருடை, அதே நகரத் தந்தை. ஆனால் அன்று அங்கே நின்றவர்கள் வணங்கியது, பழிதீர்ப்பின் சங்கிலியைத் தம்மோடு அறுத்துக்கொண்ட ஒரு மனிதரை. கோபத்தோடு அங்கே வந்தவர்கள் இருந்திருந்தாலும், யாருடைய பெட்டிக்கு முன் நிற்கிறோம் என்ற நினைவே அவர்களுக்கு ஒரு மறையுரையாக இருந்திருக்கும்.

முப்பது ஆண்டுகள் நீடித்த ஊர்வலம்

ஊர்வலம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. மறுநாள் சாலையில் வண்டிகள் ஓடுகின்றன. நின்றவர்கள் தத்தம் வேலைக்குத் திரும்புகிறார்கள். அந்த வீட்டில் மட்டும் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கிறது. ஒரு சமூகத்தின் மரியாதை உண்மையானதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

மெக்டொனால்டைப் பொறுத்தவரை அந்தச் சோதனை தலைகீழாக நடந்தது. மரியாதை 1986இல் தொடங்கியது. ஊர்வலம் 2017இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் காவல்துறை அவரை வீட்டுக்கு அனுப்பி மறந்துவிடவில்லை. அவர் காவலராகவே தொடர்ந்தார். முதல்நிலைத் துப்பறியும் அதிகாரியாக உயர்த்தப்பட்டார். நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்ற பனி ஹாக்கி அணி, 1988 முதல் அவர் பெயரில் ஆண்டுதோறும் தன் வீரர் ஒருவருக்கு விருது வழங்கிவருகிறது. மிகத் திறமையானவருக்கு என்று இல்லாமல், தன்னிடம் எதிர்பார்க்கப்படுவதைவிட அதிகமாக முயன்று உழைப்பவருக்கு அந்த விருது. அவர் மகன் வளர்ந்து அதே காவல்துறையில் சேர்ந்தார். தந்தையைச் சுட்ட நகரத்தைக் காக்கும் பணியையே மகன் தேர்ந்துகொண்டார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 30 ஆண்டுகள் நாள்தோறும் அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, உடனிருந்தவர்கள் உண்டு. மனைவி, உறவினர்கள், செவிலியர்கள், சக காவலர்கள். அவர்களுக்கு இசை முழங்கவில்லை. கொடி மடித்துக் கொடுக்கப்படவில்லை. ஆனால் மெக்டொனால்டுக்குக் கிடைத்த மரியாதைகளுள் தலையானது அவர்கள் செய்ததே.

நாம் செய்யக்கூடியவை

இறந்தோரை அடக்கம் செய்வது உடல்சார்ந்த இரக்கச் செயல்களில் ஒன்று. தீங்கு செய்தவரை மன்னிப்பது ஆன்மிகம் சார்ந்த இரக்கச் செயல்களில் ஒன்று. இரண்டையும் சிறுவயதிலேயே மறைக்கல்வியில் மனப்பாடம் செய்கிறோம். இரண்டும் ஒரே பயணத்தின் இரு பாதிகள் என்பதை மெக்டொனால்டின் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

நம் நாட்டிலும் அக்டோபர் 21ஆம் நாள் காவலர் வீரவணக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1959ஆம் ஆண்டு அந்நாளில் லடாக் எல்லையில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 10 பேர் சீனப் படையினரின் தாக்குதலில் உயிரிழந்தார்கள். 2018ஆம் ஆண்டு அதே நாளில் புதுடெல்லியில் தேசியக் காவலர் நினைவகம் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் பணியில் இறந்த 34,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

அந்த நாளையொட்டி வரும் ஞாயிறு திருப்பலியில், விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு கருத்தை நம் பங்குகள் சேர்க்கலாம். பங்கில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், முதல் ஆண்டு நினைவு நாள் மட்டுமன்றி ஐந்தாம் ஆண்டும் பத்தாம் ஆண்டும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். அன்பியக் கூட்டத்தை ஒருமுறை அந்த வீட்டில் வைக்கலாம். பிள்ளைகளின் படிப்பு எப்படிப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கலாம். இன்னும் துணிவு இருந்தால், குற்றம் செய்து சிறையில் இருப்பவரின் தாயையும் ஒருமுறை பார்த்து வரலாம். அந்த வீட்டுக்கு எந்த ஊர்வலமும் வருவதில்லை.

மன்னிப்பைப் பொறுத்தவரை, பறிகொடுத்தவரிடம் போய் 'மன்னித்துவிடுங்கள்' என்று அறிவுரை சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை. மெக்டொனால்டையும் யாரும் வற்புறுத்தவில்லை. அது அவருக்குள் செபத்தில் கனிந்தது. நாம் செய்யக்கூடியது, அது கனியும்வரை உடனிருப்பது. அத்துடன் நம் சொந்த வீடுகளில், நம்மைச் சுடாமலேயே நாம் பேசாமல் விட்டுவிட்ட அண்ணனிடமும் அக்காவிடமும் பங்காளியிடமும் முதல் அடியை எடுத்துவைப்பது. எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டபோது (மத்தேயு 18), ஆண்டவர் கணக்கையே கைவிடச் சொன்னார். மூன்று குண்டுகளை வாங்கிய ஒருவரால் அது முடிந்தது என்றால், நம் சிறு மனத்தாங்கல்கள் எம்மாத்திரம்?

செபிப்போம்: இரக்கமுள்ள தந்தையே, பிறரைக் காக்கும் பணியில் உயிர்நீத்த காவலர்கள் அனைவரையும் உம் அமைதியில் சேர்த்தருளும். அவர்களை இழந்து வாடும் குடும்பங்களுக்கு ஆறுதலும், ஆண்டுகள் கடந்தும் அவர்களை மறவாத அண்டைவீட்டாரும் கிடைக்கச் செய்யும். காவலர்களின் கையில் தம் அன்பர்களை இழந்தவர்களின் கண்ணீரையும் கண்ணோக்கும். வன்முறையில் விழுந்தவர்கள் மனம் மாறி உம்மிடம் திரும்பி வரட்டும். எங்கள் நெஞ்சில் வெறுப்பு வேர்விடாதபடி காத்து, உம் திருமகனைப் போல மன்னிக்கும் வரத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.